ஒண்ணாப்பே பார்க்காத ஆறாப்புப் பிள்ளைகள்

ஆறாப்பு டீச்சர் (இழையைத் தொடங்கியவர்)

திண்டிவனம் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. இந்த 2025–26-இல் எனக்கு ஆறாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். 31 பிள்ளைகள். ஜூனில் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது: இவர்கள் எல்லோரும் 2020-இல் ஒண்ணாப்பு சேர்ந்தவர்கள். பேர் மட்டும்தான் சேர்ந்தது, ஆள் வரவில்லை. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளி, எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. அன்றைக்கு இவர்கள் ரெண்டாப்பில் பாதி. அதற்குப் பிறகும் 2022 ஜனவரியில் ஒமிக்ரானுக்காக ஒரு மாசம் மூடினோம். ஆக, ஒண்ணாப்பு என்ற அறையில் இவர்கள் உட்கார்ந்ததே இல்லை.

31 பேரில் 12 பேர் ஒரு பத்தியைத் திக்காமல் படிப்பதில்லை. ஒற்றைக் கொம்பு எது இரட்டைக் கொம்பு எது என்பதில் தடுமாற்றம். பென்சில் பிடிப்பதைப் பார்த்தால் இன்னும் கஷ்டமாக இருக்கும், கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கரண்டி பிடிப்பதுபோல் பிடிக்கிறார்கள். ஒண்ணாப்பு டீச்சர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து விரலைப் பிடித்துத் திருத்தும் விஷயம் அது. டி.வி.யில் திருத்த முடியாது.

என் கேள்வி இதுதான். இன்னொரு முறை நோயோ, வெள்ளமோ, சண்டையோ வந்து பள்ளி மூடினால் எதை முதலில் காப்பாற்றணும்? கட்டுரை வேண்டாம். பட்டவர்கள் சொல்லுங்கள்.

முட்டை லாரி

டீச்சர் வணக்கம். நாமக்கல். முட்டை லோடு அடிக்கிறேன். மூணு பசங்க, ஒரு போன். அந்தப் போனும் என் கூடவே லாரியில போயிரும். நான் வீட்டுக்கு வர்றது வாரத்துல ரெண்டு நாள், அந்த ரெண்டு நாள்தான் எங்க வீட்ல ஆன்லைன் கிளாஸ். வாட்ஸ்அப்ல வந்து குவிஞ்சு கிடக்கற வீட்டுப்பாடத்தை மூணு பேரும் அடிச்சுக்கிட்டுப் பார்ப்பாங்க. பெரியவனுக்குப் பரீட்சைன்னு சின்னவ விட்டுக்கொடுத்துருவா. இப்ப அவதான் உங்க பிள்ளைங்க மாதிரி ஆறாப்பு.

இன்னொண்ணு. 2020 ஆரம்பத்துல கோழி தின்னா கொரோனா வரும்னு வாட்ஸ்அப்ல ஒரு புரளி கிளம்புச்சு. எங்க ஊர்ல பண்ணைக்குப் பண்ணை முட்டை தேங்கிக் கிடந்துச்சு, வெலை பாதாளத்துக்குப் போச்சு. பள்ளிக்கூடமும் பூட்டவும் சத்துணவு லோடும் நின்னுபோச்சு. ஒரு பக்கம் வாங்க ஆளில்லாம முட்டை, இன்னொரு பக்கம் முட்டை இல்லாத பிள்ளைங்க. நடுவுல ஓடுற ரோட்டுல லாரியோட நான் சும்மா நின்னேன். அதை மறக்க முடியலை.

கணக்குப்புலி

டீச்சர் சொல்வது உண்மைதான், ஆனால் முழுப் படம் அவ்வளவு இருட்டு இல்லை. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு இருக்கிறது. கொரோனாவுக்கு முன்பு 2019-இலேயே அதே ஊர்களில் சோதித்து வைத்திருந்ததால் ஒப்பிட முடிந்தது. 2021 டிசம்பரில் பார்த்தபோது இழப்பு பெரிசு. தமிழைவிடக் கணக்கில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனால் பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. மீண்டதில் கிட்டத்தட்ட 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் (தன்னார்வலர்கள் மாலையில் ஊருக்குள்ளேயே நடத்திய அரசுத் திட்ட வகுப்புகள்) என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

எனவே ‘ஒரு தலைமுறையே போச்சு’ என்ற ஒப்பாரி வேண்டாம்.

ஆறாப்பு டீச்சர்

ஒப்பாரி வைக்கவில்லை சார். மூன்றில் இரண்டு பங்கு மீண்டது நல்ல செய்தி, என் வகுப்பிலும் 19 பேர் அப்படித்தான் மீண்டு வந்தவர்கள். நான் கேட்பது மீதி ஒரு பங்கைப் பற்றி. சராசரியில் அது ஒரு பின்னம். வகுப்பில் அது கடைசி பெஞ்சு, தினமும் அதே முகங்கள். மீண்டவர்களையும் மீளாதவர்களையும் பிரிப்பது எது என்று பார்த்தால், பலருக்கு வீட்டில் எழுத்துக் கூட்டிச் சொல்லித்தர ஆள் இருந்ததா என்பதுதான்.

கணக்குப்புலி

அந்தக் கடைசி வரியை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்கும் சான்று உண்டு.

2005 அக்டோபர் 8, பாகிஸ்தான் நிலநடுக்கம். பள்ளிகள் சராசரியாக 14 வாரம்தான் மூடியிருந்தன. நிவாரணப் பணம் வந்தது, வீடுகள் கட்டினார்கள். நாலு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் பெரியவர்கள் வாழ்க்கை பழையபடி ஆகிவிட்டது. ஆனால் நிலப்பிளவுக்குப் பக்கத்தில் இருந்த ஊர்களின் பிள்ளைகள் சுமார் ஒன்றரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். 14 வாரத்துக்கு ஒன்றரை வருஷம்! அந்த்ராபி, டேனியல்ஸ், தாஸ் மூவரின் ஆய்வு இது. அவர்கள் விளக்கம்: மூடியிருந்தபோது போனதைவிடத் திறந்த பிறகு போனது அதிகம். பிள்ளை நின்ற இடத்திலிருந்து தொடங்காமல், பாடப்புத்தகம் எந்தப் பக்கத்தில் இருக்கணுமோ அங்கிருந்து வாத்தியார் தொடங்கினார். புரியாதது மேல் புரியாதது அடுக்கிக்கொண்டே போனது.

அதே ஆய்வில் இன்னொரு முடிவு: தொடக்கப்பள்ளி முடித்த அம்மா இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த இழப்பு இல்லை. அஞ்சாப்பு படித்த அம்மா போதும், பட்டதாரி தேவைப்படவில்லை.

டெக் தம்பி

எல்லாரும் 2020-லயே நிக்கிறீங்க. இப்ப ஏ.ஐ. இருக்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி டியூட்டர் மாதிரி, தமிழ்லயே பேசும். அடுத்த தடவை டேப்லெட் கொடுத்துட்டா இந்தப் பிரச்சினையே வராது.

முட்டை லாரி

தம்பி, டேப்லெட்டுக்கு யாரு சார்ஜ் போடுவா, யாரு ரீசார்ஜ் பண்ணுவா, ராத்திரி அதைப் புடுங்கி வைக்கறது யாரு? அதையும் சொல்லிட்டுப் போ.

சத்துணவுக் கூடம்

எல்லோரும் பாடத்தையே பேசுகிறீர்கள். 29 வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பள்ளி பூட்டிய பிறகு அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொடுத்தோம். பிறகு மாசம் பத்து முட்டை. பிள்ளைகளின் அம்மாக்கள் பையோடு வரிசையில் நின்று வாங்கிப் போவார்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. வேலை இல்லாத நாட்களில் அந்த அரிசி பல வீட்டுக்கு அடுப்பெரிய வைத்தது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். பள்ளி நடக்கும்போது வாரத்துக்கு அஞ்சு முட்டை, பிள்ளையின் தட்டில், அதன் கண் முன்னால். வீட்டுக்குப் போன பத்து முட்டை அஞ்சு பேருக்குப் பிரியும். யாருக்குப் பெரிய பங்கு போகும், யாருக்குப் போகாது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெண் பிள்ளைகள் வைத்திருக்கும் வீடுகளுக்குத் தெரியும். அரிசி வீட்டுக்குச் சொந்தம், பள்ளிக்கூடத் தட்டு பிள்ளைக்குச் சொந்தம். இந்த வித்தியாசத்தை மேலே உட்கார்ந்து திட்டம் போடுகிறவர்கள் கவனிப்பதில்லை.

2021 நவம்பரில் திறந்த முதல் வாரம் ஒரு பெண் குழந்தை மூன்று முறை சாதம் கேட்டாள். நாலாவது முறை கேட்க வெட்கப்பட்டுத் தட்டைக் கழுவப் போனாள். நானே கூப்பிட்டு வைத்தேன். காலைச் சிற்றுண்டித் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியபோது எனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது.

குப்பி விளக்கு

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில. டீச்சர் கேட்ட கேள்விக்கு எங்கட ஊரில ஒரு பழைய மறுமொழி இருக்கு.

1990-க்குப் பிறகு சண்டையால எங்களுக்குக் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய்க்குத் தடை, பற்றரிக்குத் தடை. ஜாம் போத்தலுக்குள்ள கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையிற அளவுக்கு எண்ணெய், சைக்கிள் ரியூப் வால்வுக்குள்ளால ஒரு திரி. அதைச் சுத்தி நாலு கொப்பி. அந்த வெளிச்சத்திலதான் நான் ஓ.எல். (உங்கட பத்தாம் வகுப்புப் பரீட்சை மாதிரி) படிச்சது. செய்தி கேக்க றேடியோவுக்கு அண்ணை சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோ சுத்துவார். பள்ளிக்கூட வளவுக்குள்ள பங்கர். குண்டுவீச்சு விமானம் இரையிற சத்தம் கேட்டால் ரீச்சர் சோக்கை வைச்சிட்டு எங்களை எண்ணுவா. உள்ள போகேக்க ஒருக்கா, வெளிய வரேக்க ஒருக்கா.

1995 ஒக்ரோபர் 30, யாழ்ப்பாண நகரமும் சுத்துவட்டாரமும் சேர்ந்த வலிகாமமே இடம்பெயர்ந்த ராத்திரி. மழை. கிழக்குப் பக்கம் தென்மராட்சியில ஒரு பள்ளிக்கூடத்து விறாந்தையில ரெண்டு கிழமை படுத்தம். மூண்டாவது கிழமை எங்கட கணித வாத்தியார் சைக்கிளில ஒவ்வொரு அகதி முகாமாப் போய் எங்கட பள்ளிப் பிள்ளையளின்ர பேரை ஒரு கொப்பியில எழுதிக்கொண்டு திரிஞ்சார். அவரும் இடம்பெயர்ந்தவர்தான், அவரின்ர சாரமும் நனைஞ்சுதான் இருந்தது. பிறகு அந்த ஊர்ப் பிள்ளையளுக்குக் காலமை, எங்களுக்குப் பின்னேரம் எண்டு வகுப்பு தொடங்கிச்சு. மரத்துக்குக் கீழயும் நடந்தது.

இதைச் சொன்னால் சனம் உடனே ‘யாழ்ப்பாணத்தார் என்ன கஷ்டத்திலயும் படிப்பை விடாயினம்’ எண்டு பெருமை கதைக்கும். எனக்கு அந்தக் கதை பிடிக்கிறதில்லை. என்ர வகுப்பில 38 பேர். அந்தக் கொப்பியில வாத்தியார் கண்டுபிடிச்சு எழுதினது 23. மிச்சப் பேரில விறகு விக்கப் போனவையும் இருக்கினம், திரும்பி வராத இடத்துக்குப் போனவையும் இருக்கினம். விளக்கைப் பற்றிக் கவிதை எழுதலாம். அந்த 15 பேரைப் பற்றி ஒருத்தரும் எழுதிறதில்லை.

ஆறாப்பு டீச்சர்

அண்ணா, ‘எங்களை எண்ணுவா’ என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். 2020-இல் ‘பாடம் அனுப்பினீர்களா’ என்று கேட்டு எங்களுக்குப் படிவம் வந்தது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்டும் வந்தது. பிள்ளை எங்கே இருக்கிறது என்று கேட்டு ஒரு படிவமும் வந்ததாக எனக்கு நினைவில்லை. செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போன இரண்டு பிள்ளைகளை நான் தெரிந்துகொண்டது பள்ளி திறந்த பிறகுதான்.

ஆல்பாஸ் 2021

நான் இங்க வழக்கமா எழுத மாட்டேன். படிச்சுட்டுப் போயிடுவேன்.

2020-ல ஒன்பதாவது முடிக்காமலே பத்தாவது. அப்பாவுக்கு வேலை போச்சு. ஜூன்ல திருப்பூர் பனியன் கம்பெனிகள் திறந்ததும் மாமாவோட போயிட்டேன், பிசிர் வெட்டுற வேலை. மொத சம்பளத்துல அம்மாவுக்குக் குக்கர் வாங்கினேன். உண்மையச் சொல்றேன், சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பள்ளிக்கூடம் ஞாபகமே வரல.

எங்க கிளாஸ் சார் சனிக்கிழமை சனிக்கிழமை அம்மா நம்பருக்குப் போன் பண்ணுவாராம். பாடம் எதுவும் கேட்க மாட்டாராம். ‘பையன் சாப்பிட்டானா, எப்ப வர்றான்’ இது ரெண்டுதான். அம்மா பொய் சொல்லிச் சொல்லிச் சலிச்சுப்போய் ஒருநாள் என்னைத் திட்டுனாங்க, ‘நீயே அந்த ஆளுகிட்ட பேசித் தொலை’ன்னு. 2021 ஜனவரி 19 பத்தாவது, பன்னிரண்டாவதுக்கு ஸ்கூல் திறந்தப்ப நான் கிளாஸ்ல இருந்தேன். மார்ச்சுல மறுபடி மூடினது வேற கதை.

எங்க பேட்ச் மார்க் சீட்டுல மார்க் கிடையாது, தேர்ச்சின்னு மட்டும் இருக்கும். இன்னைக்கும் வேலைக்குப் போனா ‘ஓ, நீ கொரோனா பாஸா’ன்னு சிரிப்பாங்க. சிரிக்கட்டும். அந்தச் சீட்டு இருக்கறதாலதான் டிப்ளமா முடிச்சேன்.

கணக்குப்புலி

பரீட்சை இல்லாமலே எல்லோருக்கும் தேர்ச்சி போட்ட அந்த ஆல்பாஸைத் திட்டி நான் இதே தளத்தில் 2021-இல் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். தம்பி, அதை இப்போது தேடிப் படிக்காதே.

ஊர் நர்ஸ்

பையன் திரும்பி வந்துட்டான், சந்தோஷம். பொண்ணுங்க கதையை நான் சொல்றேன். நான் கிராம சுகாதார செவிலியர், மாவட்டம் வேண்டாம்.

ஊரடங்குல கல்யாணச் செலவு கம்மி. மண்டபம் இல்ல, பந்தி இல்ல, அம்பது பேருக்கு மேல கூப்பிடவும் கூடாது. ‘இப்பவே முடிச்சுட்டா நல்லது’ன்னு எத்தனை வீட்ல பேசினாங்க தெரியுமா? பள்ளிக்கூடம் இருந்தா, நாலு நாள் வராத பொண்ணைப் பத்தி கூடப் படிக்கறவ டீச்சர்கிட்ட சொல்லுவா, டீச்சர் எனக்குச் சொல்லுவாங்க. அந்தச் சங்கிலி அறுந்துபோச்சு. எனக்குத் தகவல் வந்ததெல்லாம் மாசமா இருக்கான்னு பதிவு பண்ண வரும்போதுதான். கார்டுல வயசு 19-ன்னு எழுதச் சொல்வாங்க, முகத்தைப் பார்த்தா ஒன்பதாவது தெரியும்.

1098-ங்கற குழந்தைகள் உதவி நம்பர் பிள்ளைங்களுக்குத் தெரியும், பாடப்புத்தகத்துலயே இருக்கு. ஆனா வீட்டுக்குள்ள எல்லாரும் சுத்தி இருக்கும்போது, அப்பா போன்ல இருந்து அந்த நம்பரை எப்படி அடிப்பா?

கணக்குப்புலி

மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் இதே கதை, எங்களுக்கு ஆறு வருஷம் முன்னால். எபோலா நோய்க்காக 2014-இல் மூடிய பள்ளிகள் 2015 ஏப்ரலில்தான் திறந்தன. நடுவில் வானொலியில் பாடம் நடத்தினார்கள், நல்ல முயற்சி. ஆனால் பள்ளி திறந்தபோது கர்ப்பமாக இருந்த சிறுமிகள் ஏராளம். அரசு என்ன செய்தது? வெளியே தெரியும்படி கர்ப்பமாக இருப்பவர்கள் வகுப்புக்கு வரக்கூடாது என்று தடை போட்டது. அந்தத் தடை நீங்கியது 2020 மார்ச்சில், உலகம் முழுக்கப் பள்ளிகள் மூடிக்கொண்டிருந்த அதே மாதத்தில். பாதிக்கப்பட்ட பிள்ளைக்கே தண்டனை.

திண்ணை அக்கா

மரக்காணம் பக்கம் நான். இல்லம் தேடிக் கல்வி 2021 அக்டோபர் 27-ல முதல்வர் தொடங்கி வச்சது எங்க பக்கத்து முதலியார்குப்பத்துலதான். அப்ப எனக்குக் கைக்குழந்தை. பன்னிரண்டாவது முடிச்சிருந்தா ஒண்ணு முதல் அஞ்சு வரைக்கும் எடுக்கலாம்னாங்க, சேர்ந்துட்டேன். சாயங்காலம் அஞ்சு மணியிலிருந்து ஏழு வரைக்கும் எங்க வீட்டுத் திண்ணை. மாசம் ஆயிரம் ரூபா. இருபது பிள்ளைங்களுக்கு மேல கூடாதுன்னு விதி, எனக்கு இருபத்தாறு. தம்பி தங்கச்சியைத் தூக்கிட்டு வர்றவங்களைத் திருப்பி அனுப்பவா முடியும்?

மொத ரெண்டு வாரம் நான் பாடமே நடத்தல. நடத்தத் தெரியலங்கறது ஒரு காரணம், அதை மறைக்கல. ஆனா பிள்ளைங்க பேசவே மாட்டேன்னுச்சு. ஒரு வட்டத்துல உட்காரத் தெரியல, அடுத்தவன் முடிக்கற வரைக்கும் காத்திருக்கத் தெரியல. பாட்டு, கதை, கல்லாங்காய், பாண்டி. பிறகுதான் எழுத்து. அவங்கவங்க பேரை மண்ணுல எழுதறது, அப்புறம் அம்மா பேரு. ஒருத்தன் அம்மா பேரை எழுதிட்டு அழுதான். அவன் அம்மா இரண்டாவது அலையில போனவங்க. அதுக்குப் பயிற்சியில யாரும் எனக்கு எதுவும் சொல்லித்தரல. மடியில தூக்கி வச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்.

பாகிஸ்தான்ல அஞ்சாப்பு படிச்ச அம்மா போதும்னு அந்த சார் எழுதினதைப் படிச்சேன். அம்மா படிக்காத வீட்டுக்கு அந்தத் தெருவுல ஒரு அக்கா. அதுதான் நான் செஞ்ச வேலைன்னு இப்பதான் புரியுது.

டெக் தம்பி

சரி, டேப்லெட் பேச்சை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா ஒரு உருப்படியான கேள்வி. அக்கா மாதிரி ஆட்கள், அந்த வாத்தியார் கொப்பி மாதிரி ஒரு பட்டியல், இதெல்லாம் பள்ளி மூடின பிறகு ஒன்றரை வருஷம் கழிச்சு ஏன் வந்துச்சு? 2020 ஜூன்லயே திண்ணையில பத்துப் பிள்ளைங்களை உட்கார வச்சிருக்கலாமே. டாஸ்மாக் மே மாசமே திறந்தாங்க.

முட்டை லாரி

இதைத்தான் நான் அஞ்சு வருஷமா டீக்கடையில கேட்டுக்கிட்டு இருக்கேன்.

ஊர் நர்ஸ்

அவ்வளவு லேசா சொல்லாதீங்க தம்பி. 2020 ஜூன்ல யாருக்கும் ஒண்ணும் தெரியாது. பிள்ளைங்க மூலமா வீட்ல இருக்கற தாத்தா பாட்டிக்குப் பரவும்னு பயம். 2021 மே மாசம் ஆக்சிஜன் படுக்கை கிடைக்காம ஆம்புலன்ஸ் வரிசையில நின்னதைப் பார்த்தவ நான். ஆனா அதுக்கு நடுவுல, அலை தணிஞ்சிருந்த மாசங்கள்ல, பெரிய வகுப்புக்கு மட்டும் திறந்து சின்னதுங்களைக் கடைசில வச்சது தப்புன்னு எனக்குத் தோணுது. பரீட்சை இருக்கறவங்களை முதல்ல பார்த்தோம். எழுதப் படிக்கவே ஆரம்பிக்காததுங்க காத்திருக்கட்டும்னு விட்டுட்டோம்.

குப்பி விளக்கு

எங்கட பக்கமும் அதேதான். 2022-இல டொலர் இல்லை, டீசல் இல்லை எண்டு பள்ளிக்கூடம் மூடி, பிறகு கிழமைக்கு மூண்டு நாள். தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில பரீட்சையையே தள்ளிவைச்சவை. நெல்லியடியில இருக்கிற என்ர தங்கச்சி சொன்னாள், ‘அண்ணை, ஜாம் போத்தலைத் திருப்பி எடுத்திட்டன்’ எண்டு. அந்த வருசத்து ஏ.எல். (உங்கட பன்னிரண்டாம் வகுப்பு மாதிரி) சோதனை அடுத்த வருசம் ஜனவரியிலதான் தொடங்கிச்சு.

டீச்சர், அந்த 12 பேருக்கு இப்ப என்ன செய்யிறியள்?

ஆறாப்பு டீச்சர்

பெரிதாக ஒன்றுமில்லை அண்ணா. மூணே முக்காலுக்கு மற்றவர்கள் விளையாடப் போகும்போது முக்கால் மணி நேரம். ஆறாப்புப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டோம். தனியாக உட்கார வைத்தால் கேலி பேசுவார்கள் என்பதால் நன்றாகப் படிக்கும் நாலு பேரையும் கூடச் சேர்த்திருக்கிறேன், ‘உதவி டீச்சர்’ என்று பட்டம் கொடுத்து. ஒண்ணாப்பு டீச்சர் வாரத்தில் இரண்டு நாள் வந்து விரல் பிடித்துத் திருத்துகிறார். ஆகஸ்ட்டில் 12 பேர், இப்போது 9.

குப்பி விளக்கு அண்ணா சொன்ன பிறகு ஒரு வேலை செய்தேன். ஒரு நோட்டு போட்டு 31 பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பக்கம். அம்மா நம்பர் மட்டும் போதாது, அந்த நம்பர் மாறினால் யாரைக் கேட்கணும், எந்தத் தெரு, எந்த ஊருக்குக் கரும்பு வெட்டப் போவார்கள், பக்கத்தில் படித்த அக்கா யார். நோட்டு பள்ளியில் இல்லை, என் வீட்டில். பள்ளி பூட்டினால் நோட்டும் உள்ளே மாட்டிக்கொள்ளும் இல்லையா.

இப்போதைக்கு எனக்கு வேண்டியது ரெண்டு கோடு நோட்டு. ஆறாப்புக்கு அது வராது, கடையில் கேட்டால் சின்ன வகுப்பா என்கிறார்கள்.

முட்டை லாரி

எத்தனை வேணும் சொல்லுங்க டீச்சர். மெட்ராஸ் லோடு திண்டிவனம் வழியாத்தான் போகுது. வியாழக்கிழமை விடிகாலை பைபாஸ்ல நிறுத்தறேன், யாரையாவது அனுப்பி வைங்க. ரெண்டு டசன் போட்டுக்கறேன், எங்க வீட்டுச் சின்னவளுக்கும் அதுல ஒண்ணு.